அப்பாவின் ஸ்வெட்டரைத் துவைக்கலாமா, வேண்டாமா?

மழைக்குருவி:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அவருடைய துணிமணிகளை நானும் அண்ணனும் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் யாருக்கும் தராமல் நான் எடுத்து வந்தேன். சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர், முன்பக்கம் பட்டன் வைத்தது. அம்மா கையால் பின்னியது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்கு முன்பே அது வீட்டில் இருந்தது என்பதால், வயது முப்பதுக்குக் குறையாது.

அதன் வலது பாக்கெட் மட்டும் தொங்கிப்போயிருக்கும். கண்ணாடிக் கூடு எப்போதும் அதில்தான். மேலிருந்து இரண்டாவது பட்டன் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. பழசு தொலைந்துபோனதும் கையில் கிடைத்ததைத் தைத்துவிட்டார்கள். ஓட்டைக்குள் சுலபமாக நுழையாது. அப்பா மோவாய் நெஞ்சில் இடிக்கக் குனிந்து, அந்த ஒரு பட்டனோடு மட்டும் தினமும் மல்லுக்கட்டுவார்.

கழுத்துப்பட்டியில் இன்னும் அவர் வாசனை இருக்கிறது. சவர சோப்பு, அதோடு வேறு ஏதோ. வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து முகத்தை வைத்துக்கொள்வேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேற்று திறந்தபோது முதுகுப் பக்கம் மூன்று ஓட்டைகள். மடிப்பில் மணல் மாதிரி ஏதோ பொடி. அண்ணனிடம் சொன்னால், "உடனே துவைத்து வெயிலில் போடு" என்கிறான். துவைத்தால் வாசனை போய்விடும். துவைக்காவிட்டால் ஸ்வெட்டரே போய்விடும் போலிருக்கிறது. என்ன செய்வது?

நேர்பேச்சு:

துவைத்துவிடுங்கள். ஸ்வெட்டர் இருந்தால்தானே மற்றதெல்லாம்.

நூல்கண்டு:

மழைக்குருவி, அது அந்துப்பூச்சி வேலை. அந்தப் பொடியை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும். புழு எந்த நிற நூலைத் தின்றதோ அந்த நிறத்தில்தான் எச்சம் போடும்.

அலமாரியைத் திறந்ததும் படபடவென்று பறக்கிறதே, அதை அடித்துக் கொன்றுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். பறக்கிறது எதையும் தின்பதில்லை. அதற்குத் தின்ன வாயே கிடையாது. முட்டை போடுவது மட்டும்தான் அதன் வேலை. ஒரு பெண்பூச்சி நாற்பது ஐம்பது போடும். அதிலிருந்து வருகிற வெள்ளைப் புழுதான் கம்பளியைத் தின்கிறது. கம்பளி, பட்டு, தோல், இறகு என்று விலங்கிலிருந்து வந்ததெல்லாம் அதற்குப் பிடிக்கும். வியர்வை படிந்த இடம் என்றால் இன்னும் விருப்பம். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் எந்த வாசனைக்காகத் துவைக்காமல் வைத்திருக்கிறீர்களோ, அதுதான் புழுவையும் கூப்பிடுகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். துவைக்க வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். கனமான பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கமாக ஒட்டி, ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த துணியில் ஈரக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம் அலமாரியின் மூலைகள், பலகை இடுக்குகள் எல்லாவற்றையும் வேக்வம் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஸ்வெட்டரைக் காப்பாற்றிவிட்டு அலமாரியை விட்டுவிட்டால் பிரயோசனம் இல்லை.

துவைப்பதா இல்லையா என்று யோசிக்க உங்களுக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

கடிகாரமுள்:

நூல்கண்டு சொல்வதைக் கேளுங்கள். அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை சூடு பட்டவன்.

என் அப்பாவின் கைக்கடிகாரம், சாவி கொடுக்கிற வகை. ஓடாமல் கிடந்தது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது, அவ்வளவுதான். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் ஓடும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். ஓட வைத்துவிட்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்காமலேயே, "சும்மா செய்து கொடுத்தோம் சார்" என்று கூட்டைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது.

அப்பா எழுதும்போது கடிகாரக் கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்வார். அதனால் கூட்டின் கீழ்ப்பக்கம் மட்டும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். சின்ன வயதில் அதை நகத்தால் வருடிப் பார்ப்பேன், சொரசொரவென்று இருக்கும். பாலிஷ் என்றால் வேறு ஒன்றுமில்லை, மேலே இருக்கிற உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான். எடுத்தது எடுத்ததுதான். இப்போது அந்தக் கடிகாரம் சரியாக மணி காட்டுகிறது. நான் கட்டுவதில்லை.

மழைக்குருவி:

நன்றி நூல்கண்டு அக்கா. (அக்கா என்று கூப்பிடலாமா?) தாளில் தட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே சாம்பல் நிறம். இன்று காலை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். கதவை மூடும்போது ஒரு மாதிரி இருந்தது. அவருக்குக் குளிரே ஆகாது.

இரண்டு சந்தேகம். ஃப்ரீசரில் வைத்தால் வாசனை போய்விடுமா? அப்புறம், வெளியே எடுத்த பிறகு பாச்சை உருண்டை போட்டு வைக்கலாமா? அம்மா அப்படித்தான் செய்வார்.

மருந்துப்பெட்டி:

பாச்சை உருண்டை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிற விஷயம்.

வழக்கமாக விற்கிற வெள்ளை உருண்டை நாப்தலீன். அது ஆவியாகி, மூடிய இடத்தில் நிறைந்து நின்றால்தான் பூச்சி சாகும். திறந்து மூடுகிற அலமாரியில் இரண்டு உருண்டை போட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, நமக்குத்தான் தலைவலி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது.

அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாப்தலீனில் கிடந்த துணியை அப்படியே எடுத்து அந்தக் குழந்தைக்குப் போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை வரை போகும். பழைய துணி என்றாலே "தாத்தா போட்டது" என்று குழந்தைக்குச் சுற்றிப் படம் எடுக்க ஆசை வரும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கவலையே வாசனை. உருண்டை போட்டால் அதன் நெடி ஒன்றுதான் மிஞ்சும். கம்பளி எந்த வாடையையும் இழுத்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது.

நூல்கண்டு:

தாராளமாக அக்கா என்று கூப்பிடு மா. உறைய வைப்பதால் வாசனை போகாது, அழுக்கும் போகாது. பூச்சி மட்டும்தான் சாகும். உருண்டை விஷயத்தில் மருந்துப்பெட்டி சொன்னதுதான் சரி. தேவதாருக் கட்டை, வாசனைப் பூப்பை எல்லாம் நம்பிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், பூச்சியைத் தடுக்கும் அளவுக்குப் போதாது. சுத்தமான துணி, இறுக மூடிய பை. அந்துக்கு அதைவிட வைத்தியம் இல்லை.

பாதிராத்திரி:

வாசனை பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். கேட்கப் பிடிக்காமல் இருக்கலாம்.

அம்மாவின் சால்வை என்னிடம் இருக்கிறது. நானும் உங்களை மாதிரிதான், துவைக்காமல் ஒரு பையில் கட்டி வைத்தேன். முதல் வருடம் திறந்தால் அப்படியே அம்மா. ஏன் வாசனை மட்டும் இப்படி அடிக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளையின் நடுவில் தாலமஸ் என்ற இடத்தில் ஒருமுறை நின்றுதான் மேலே போகுமாம். மூக்கு பிடிப்பது மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியும் நினைவும் இருக்கிற பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. நாம் யோசிப்பதற்கு முன்பே தொண்டை அடைத்துக்கொள்வது அதனால்தான் போலிருக்கிறது. வாசனையை மூக்கு எப்படிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2004ல் ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். மனித மூக்கில் கிட்டத்தட்ட 400 வகை உணர்விகள் இருக்கின்றனவாம்.

படித்ததெல்லாம் சரி. ஆனால் வாசனை என்பதே பொருளிலிருந்து கிளம்பி மூக்குக்கு வருகிற துகள்தான். நீங்கள் முகர்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் செலவாகிறது. மிச்சம் பிடிக்க வழி இல்லை.

மூன்றாவது வருடம் ஒருநாள் அந்த அலமாரியிலிருந்து என் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். அதிலும் அம்மா வாசனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது, அது அலமாரிப் பலகையின் வாசனை. எப்போதிலிருந்து நான் பலகையை அம்மா என்று முகர்ந்துகொண்டிருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நேர்பேச்சு:

இதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

கோபப்படாதீர்கள். என் அம்மாவின் தோல் பையைத் தினமும் தோளில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பட்டை இரண்டு முறை அறுந்து தைத்தாகிவிட்டது. ஜிப் மாற்றியாகிவிட்டது. உள்துணி மூன்றாவது. "இதற்குப் புதுசு வாங்கலாமே" என்று வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். ஆனால் அம்மா பேருந்துச் சீட்டைச் செருகி வைக்கிற சின்ன அறையில்தான் நானும் செருகுகிறேன். விரல் தானாக அங்கே போகிறது. கட்டிப் பெட்டியில் வைத்திருந்தால் அந்த அறை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கடிகாரமுள்:

நேர்பேச்சு, பை வேறு, கம்பளி வேறு. தோல் உபயோகத்தில் இருந்தால்தான் நன்றாக இருக்கும். முப்பது வருட ஸ்வெட்டரைத் தினமும் போட்டால் இரண்டு குளிர்காலம் தாங்குமா? அதோடு நீங்கள் மாற்றியதையெல்லாம் கணக்குப் பார்த்தால், அந்தப் பையில் அம்மாவுடையது என்று இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

நேர்பேச்சு:

அந்தச் சின்ன அறை.

மழைக்குருவி:

இரண்டு வாரம் முடிந்து, ஒரு நாள் அப்படியே விட்டு, இன்று பையைத் திறந்தேன். வாசனை இருக்கிறது. பாதிராத்திரி எழுதியதைப் படித்த பிறகு நிம்மதியாக முகரவும் முடியவில்லை, அது வேறு விஷயம். அலமாரியையும் முகர்ந்து பார்த்துவிட்டேன். நல்லவேளை, அது வேறு வாசனை.

வெளிச்சத்தில் விரித்துப் போட்டு முழுதாகப் பார்த்தேன். இவ்வளவு நாளில் நான் கவனித்ததே இல்லை, வலது முழங்கையில் ஒரு பழைய தையல் இருக்கிறது. ரொம்ப மோசமான தையல். சாம்பல் நிறக் கம்பளியில் கறுப்புச் சட்டை நூல். ஓட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து, சுருக்குப்பை வாய் மாதிரி குவித்துக் கட்டியிருக்கிறது. முடிச்சு வேறு வெளிப்பக்கம், பட்டாணி மாதிரி மூன்று முடிச்சு ஒன்றன்மேல் ஒன்று.

அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் கண் சரியாகத் தெரியவில்லை. அப்போது தைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அக்கா, புது ஓட்டைகளைச் சரிசெய்யும்போது இதையும் பிரித்து ஒழுங்காகத் தைத்துவிடலாமா? அம்மா இவ்வளவு அழகாகப் பின்னியதில் இது மட்டும் கண்ணை உறுத்துகிறது.

நூல்கண்டு:

பொறு. பிரிக்காதே. எனக்கு இதில் ஒன்று இடிக்கிறது.

பின்னத் தெரிந்தவர்கள் கம்பளியில் முடிச்சுப் போட மாட்டார்கள். நூல் முனையைப் பின்பக்கம் நாலு கண்ணிக்குள் நுழைத்து ஓட்டி விட்டுவிடுவோம், அதுவே பிடித்துக்கொள்ளும். கண் தெரியாவிட்டாலும் இது மாறாது, கை தானாகச் செய்கிற வேலை. நான் விளக்கு இல்லாமலே செய்வேன்.

அதோடு, முழங்கையில் இழை ஓட்டும்போது உள்ளே ஒரு பந்தையோ கிண்ணத்தையோ வைத்து, துணி விரிந்து நிற்கும்படி செய்துகொண்டு, நெடுக்கே ஒரு வரிசை நூல் ஓட்டி, அப்புறம் குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோப்போம். கூடை முடைகிற மாதிரி. சுருங்கவே சுருங்காது. நீ சொல்வது சட்டைக் கிழிசலை இழுத்து மூடுகிற தையல். கம்பளி நூல் வீட்டிலேயே இருக்கிறவர் எதற்காகச் சட்டை நூலை எடுக்கப் போகிறார்?

அந்தத் தையல் உன் அம்மா போட்டது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் வேறு யார் ஊசி பிடிப்பார்கள்? விசாரித்துவிட்டு அப்புறம் கத்தரிக்கோலை எடு.

பாதிராத்திரி:

நான் தூங்கப் போகவில்லை. பதில் வரட்டும்.

மழைக்குருவி:

அண்ணனுக்குப் போன் செய்தேன். முழங்கைத் தையல் என்று ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அது அப்பா தைத்தது.

அம்மா போன மறு குளிர்காலம். நான் வெளியூரில் இருந்தேன், அண்ணன்தான் அவரோடு. ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கடியில் உட்கார்ந்து தைத்தாராம். ஊசியில் நூல் கோக்கவே கால்மணி நேரம். கடையில் கொடுத்துச் சரிசெய்து வருகிறேன் என்று அண்ணன் கேட்டிருக்கிறான். "அவ போட்ட கண்ணி, கண்டவங்க கை வைக்க வேண்டாம்" என்றாராம்.

முடிச்சு ஏன் வெளியே இருக்கிறது என்றும் கேட்டேன். அண்ணனும் அன்றைக்கே அவரிடம் கேட்டிருக்கிறான். உள்ளே போட்டால் முழங்கையை மேசையில் ஊன்றும்போது குத்துமாம். யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

ஆறு வருடம் இதைப் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் பார்க்கவே இல்லை.

கடிகாரமுள்:

பிரிக்காமல் விட்டீர்களே. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நேர்பேச்சு:

இதற்கு என்னிடம் ஒரு வரி கூட இல்லை.

நூல்கண்டு:

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன் மா. வேலையைப் பார்ப்போம்.

முழங்கைத் தையலைத் தொடாதே. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டை நூல் கம்பளியைவிடக் கெட்டி. இழுவை வரும்போது நூல் அறாது, சுற்றி இருக்கிற கம்பளிதான் ரம்பம் போட்ட மாதிரி அறும். அதனால் உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி ஒரு துண்டு வைத்து, அப்பா தையலிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கெட்டியாக இருக்கிற கம்பளியில் லேசாகத் தைத்துவிடு. இழுவையைத் துணி வாங்கிக்கொள்ளும். வெளியே தெரியாது.

முதுகு ஓட்டைகளுக்கு, முதலில் அறுந்து தொங்குகிற கண்ணிகளையெல்லாம் ஊக்கில் கோத்துப் பிடித்துவை. இல்லாவிட்டால் துவைக்கும்போது ஏணி மாதிரி கீழே வரை ஓடிவிடும். அம்மாவின் பின்னல் சாமான்களில் மிச்சக் கண்டு ஏதாவது இருக்கிறதா என்று அண்ணனைத் தேடச் சொல்.

துவைப்பது உன் முடிவு. துவைத்தால் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கென்று விற்கிற திரவ சோப்பு. சாதாரண சலவைத்தூளில் கறையைத் தின்னும் நொதி இருக்கும். கம்பளியும் புரதம்தான், அதையும் சேர்த்துத் தின்றுவிடும். கசக்காதே, முறுக்காதே. கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி இருக்கும். சூடும் உராய்வும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் பொம்மைச் சட்டை ஆகிவிடும். கால்மணி நேரம் ஊறவிட்டு, அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டித் தண்ணீரை வாங்கி, நிழலில் படுக்கை வசத்தில் விரித்துக் காயவை. கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கை முட்டி வரை நீளும்.

மழைக்குருவி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

அம்மாவின் கண்டு கிடைத்தது. ஆனால் அது ஸ்வெட்டரைவிட நன்றாகவே கருத்திருக்கிறது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பாக்கெட்டுக்குள் விரல் விட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், அங்கேயும் அதே கருத்த நிறம். வெளிச்சம் படாத இடம். அதுதான் முதலில் இருந்த நிறம், இத்தனை வருடம் வெளுத்ததைத்தான் நான் சாம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நூலையே ஓட்டினேன். முதுகில் மூன்று கருத்த சதுரம் தெரிகிறது, தெரியட்டும்.

துவைத்தேன். அதற்கு முன்பு கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்து, துவைக்காமல், தனியாக ஒரு பையில் ஒட்டி வைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற துடைக்கும் துணியில் கொஞ்சம் வாசனை இருக்கிறது. எத்தனை நாள் இருக்குமோ இருக்கட்டும். பாதிராத்திரி, பைமேல் தேதி எழுதியிருக்கிறேன். அலமாரியில் வைக்கவில்லை.

தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. இரண்டு முறை மாற்றினேன். காய்ந்த பிறகு முகர்ந்தால் சோப்பும் ஆட்டு வாடையும்தான். அன்று ராத்திரி கொஞ்சம் அழுதேன்.

போன வாரம் அண்ணன் வந்தான். இங்கே குளிர். கேட்காமலே எடுத்து மாட்டிக்கொண்டான். கை இரண்டு அங்குலம் குட்டை. இரண்டாவது பட்டன் அவனுக்கும் நுழையவில்லை, மோவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு குனிந்து நின்றான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றாதே என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நூல்கண்டு:

ஊன்றினால் ஊன்றட்டும் மா. முடிச்சு வெளியேதானே இருக்கிறது, குத்தாது.